சாம்ப்ளேன் ஏரிக்காக ஏன் இத்தனை போர்கள்? அதன் கரையில் ஊர்கள் நிலைபெற ஏன் அவ்வளவு காலமானது?

நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றில் மேலேறி, கொஞ்ச தூரம் தரைவழியே போனால் சாம்ப்ளேன் ஏரி. அது வடக்கே ரிஷல்யூ ஆறாக வடிந்து, கனடாவின் செயின்ட் லாரன்ஸில் கலக்கிறது. சாலையில்லாத அந்தக் காட்டில் பீரங்கியும் மாவு மூட்டையும் போக இதை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. படகைத் தண்ணீரிலிருந்து எங்கே தூக்க வேண்டியிருந்ததோ, அங்கேதான் கோட்டைகளும் சண்டைகளும்.

அதில் முதன்மையானது டைகாண்டெரோகா. ஜார்ஜ் ஏரி சுமார் ஐந்தரை கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 70 மீட்டர் இறங்கிச் சாம்ப்ளேனில் சேருமிடம். பிரெஞ்சுக்காரர்கள் 1755-ல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1758 ஜூலை 8-ல் பிரிட்டிஷ் தளபதி ஆபர்க்ராம்பியின் பெரும்படை, தன்னில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத பிரெஞ்சுத் தளபதி மான்கால்மின் படையிடம் தோற்றது. பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிக் குவித்த மரங்களைக் கூர்கிளைகள் வெளிப்பக்கம் நீட்டியிருக்கும்படி அடுக்கியிருந்தார்கள். அதை உடைக்கப் பீரங்கி வேண்டும். அது வந்து சேரும்வரை பொறுக்காமல் காலாட்படையை ஏவியதில் சுமார் 2,000 பேர் மாண்டும் காயமுற்றும் போனார்கள்.

வடக்கு முனையின் தடை இன்னும் பெரிய விளைவைத் தந்தது. ரிஷல்யூவில் சாம்ப்ளி அருகே நீர்ச்சுழிப்பு வேகம் அதிகம், கப்பல் ஏறாது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776-ல் பிரிட்டிஷார் 'இன்ஃப்ளெக்ஸிபிள்' என்ற 180 டன் கப்பலைப் பிரித்து, துண்டுகளாகச் சுமந்துவந்து, அந்தத் தடைக்கு மேலே உள்ள செயின்ட் ஜான்ஸில் 28 நாளில் மறுபடி பூட்டினார்கள். வேகமான வேலைதான், ஆனாலும் அக்டோபர் வந்துவிட்டது. அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்ட் தன் சிறு படகுகளை ஏரியிலுள்ள வால்கூர் தீவுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே ஒளித்து வைத்தார். வடக்குக் காற்றில் தீவைத் தாண்டிப்போன பிரிட்டிஷ் கப்பல்கள் எதிர்க்காற்றில் திரும்பத் திணறின. அக்டோபர் 11-ல் தொடங்கிய சண்டையில் ஆர்னால்ட் படகுகளில் பெரும்பாலானவற்றை இழந்தார். ஆனால் குளிர்காலம் நெருங்கிவிட, பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன் கனடாவுக்கே திரும்பினார். அமெரிக்கர்களுக்கு ஒரு வருடம் கிடைத்தது. என் கணிப்பில், 1777 அக்டோபரில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் சரட்டோகாவில் சரணடைந்ததற்கு வித்து அந்தத் தோல்விதான்.

குடியேற்றத்தை இந்தப் போர்களிலிருந்து பிரிக்க முடியாது. 1730-களில் ஏரிக்கரையில் கிரவுன் பாயிண்டில் எழுந்த பிரெஞ்சுக் கோட்டையைச் சுற்றி விவசாயிகள் குடியேறினார்கள். 1759-ல் பிரெஞ்சுப் படையே கோட்டையைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்க, அந்தக் குடிகளும் கலைந்தன. பிறகு கிழக்குக் கரை நிலத்துக்கு நியூ ஹாம்ப்ஷயரும் நியூயார்க்கும் தனித்தனியே பட்டா கொடுத்தன. தங்கள் பட்டாவைக் காக்க நியூ ஹாம்ப்ஷயர் பக்கத்தார் திரட்டிய 'பச்சைமலைப் பையன்கள்' படைதான் 1775 மே 10-ல் பிரிட்டிஷாரிடமிருந்து டைகாண்டெரோகாவைப் பிடித்தது. அந்த நிலமே 1791-ல் வெர்மான்ட் மாநிலமானது.

1814 செப்டம்பரில் மேற்குக் கரையின் பிளாட்ஸ்பர்க்கில் அமெரிக்கத் தளபதி மெக்டொனோ பிரிட்டிஷ் கப்பற்படையை முறியடித்தார். 1823-ல் ஹட்சனோடு கால்வாய் இணைந்ததும் தெற்கே சரக்கைத் தூக்கிச் சுமக்கும் வேலை ஒழிந்தது. அதுவரை கட்டுமரமாகக் கட்டி கியூபெக்குக்கு மிதக்கவிட்ட மரமெல்லாம் நியூயார்க் பக்கம் திரும்பியது.