நான் வாங்காத பணத்தைப் படத்தில் வாங்குகிறேன்: தடை கிடைக்குமா?

கேள்வி: அரசுத் துறையில் கணக்குப் பிரிவில் இருந்தபோது டெண்டர் ஊழல் பற்றி லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்தேன். வழக்கில் நான்தான் முதல் சாட்சி. குறுக்கு விசாரணை பாக்கி. இப்போது அதை வைத்து ஓர் அரசியல் படம் வருகிறது. பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் டிரெய்லரில் அந்தப் பாத்திரம் எதிர்க்கட்சிக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு கோப்பைக் கொடுக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் என்னிடம் விசாரிக்கிறார்கள். தயாரிப்புத் தரப்பு பணம் தருவதாகச் சொல்லி ஆட்சேபனையில்லாக் கடிதம் கேட்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பணமும் வாங்காதீர்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே, "இந்தப் புகாரால் உமக்கு எவ்வளவு கிடைத்தது?" என்பதாகத்தான் இருக்கும். படக் காட்சி சாட்சியம் ஆகாது. உங்கள் வங்கிக் கணக்கில் வரவான தொகையை அப்படித் தள்ளிவிட முடியாது. கோபத்தில் பேட்டியும் கொடுக்க வேண்டாம். அங்கே ஒரு தேதி மாறினாலும், முன்னுக்குப் பின் முரண் என்று கூண்டில் வைத்துக் கேட்பார்கள்.

முழுப் படத்துக்கும் தடை கிடைப்பது கடினம். நடந்த நிகழ்ச்சிக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. நீதிமன்ற ஆவணத்தில் ஏறிவிட்டதை ஒருவர் அனுமதியில்லாமலே வெளியிடலாம் என்று, ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான நக்கீரன் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பது அபூர்வமாகத்தான் நடக்க வேண்டும் என்று 2024-லும் அது எச்சரித்தது.

ஆனால் 1994 தீர்ப்பு தந்த சுதந்திரம் ஆவணத்தில் உள்ளதற்குத்தான். நீங்கள் பணம் வாங்கியதாக எந்த ஆவணத்திலும் இல்லையென்றால், அந்தக் காட்சி அவதூறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் குற்ற வழக்கும் போடலாம், சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கேட்கலாம். பெயர் மாற்றமோ, "யாவும் கற்பனையே" என்ற அறிவிப்போ, தணிக்கைச் சான்றிதழோ அவர்களைக் காப்பாற்றாது. உங்களைத் தெரிந்தவர்கள் உங்களை அடையாளம் கண்டால் போதும்.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் டிரெய்லரில் வருவதை எழுதுங்கள்: பதவி, இடமாறுதல், கோப்பு கைமாறும் இடம். வலப்பக்கம், அதே விஷயத்தில் உங்கள் வாக்குமூலம் என்ன சொல்கிறது என்று பக்க எண்ணோடு குறியுங்கள். விசாரித்தவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, தயாரிப்பாளர், இயக்குநர், வெளியிடும் ஓடிடி தளம் மூவருக்கும் இந்த வாரமே நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காட்சியை நீக்க வேண்டும் என்பதை மட்டும் கேளுங்கள். சிவில் வழக்குக்குக் கெடு ஓராண்டு. டிரெய்லர் வந்த நாளிலிருந்தே அது ஓடுகிறது.

ஊழலை வெளிப்படுத்தும் உங்களைப் போன்றவர்களுக்கென்றே 2014-ல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இது மிகவும் வேதனையான விஷயம். மிரட்டல் ஏதும் வந்தால், 2018-ன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுங்கள். படம் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம்.