தொட்டியில் யூக்கா: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, யூக்கா வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று இப்போது தினமும் ஊற்றுகிறேன்.

பதில்: தம்பி, முதல் வேலையாகத் தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். அடி இலை ஒன்றிரண்டு அவ்வப்போது மஞ்சளாகிக் காய்வது யூக்காவின் வழக்கம்தான். பழைய இலை உதிர உதிரத்தான் தண்டு மேலே ஏறும். ஆனால் நாலைந்து இலை ஒரே சமயத்தில் மஞ்சளானாலோ, நடு இலைகளுக்கும் பரவினாலோ, வேர் ஈரத்தில் மூச்சு முட்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். நீளமான மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் ஆழம் வரை செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் இன்னும் காத்திருக்கலாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றினால் கண்டிப்பாக ஏமாறுவீர்கள். அடியில் சேறாக இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

பதில்: எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் சொல்ல மறுப்பதும் இதைத்தான். ஜன்னலை ஒட்டி நிற்கும் யூக்கா ஒரு வாரத்தில் குடிக்கும் தண்ணீரை, கூடத்து மூலையில் நிற்கும் அதே செடி ஒரு மாதமானாலும் குடிக்காது. வெளிச்சம்தான் தாகத்தைத் தீர்மானிக்கிறது. மண் பாதி ஆழத்துக்காவது காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். குளிர்காலத்திலோ இருட்டான இடத்திலோ மண் ஏறக்குறைய முழுக்கக் காயும் வரை விடலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில் பயனில்லை.

கேள்வி: தண்டின் அடிப்பகுதி மெத்தென்று அமுங்குகிறது, மண்ணில் ஒரு கெட்ட வாடை. காப்பாற்ற முடியுமா?

பதில்: அடிப்பகுதியை முடியாது. மேலே கெட்டியாக இருந்தால் அதைக் காப்பாற்றலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அமுங்காத இடத்தில் தண்டைக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்க வெளுப்பாக, ஈரமாக, கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு வட்டமோ கோடோ தெரிந்தால் அழுகல் அதுவரை ஏறிவிட்டது. இன்னும் மேலே வெட்டிப் பாருங்கள். இங்கே இரக்கம் காட்டினால் மிச்சமும் போய்விடும்.

நல்ல துண்டு கிடைத்ததும் பாதி இலைகளைக் கழித்துவிட்டு, நிழலில் சில நாள் வைத்து வெட்டுவாயை ஆறவிடுங்கள். பிறகு மணலோ பெர்லைட்டோ (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் கல் துகள்) அதிகம் கலந்த புதுக் கலவையில், ஆடாமல் நிற்கும் ஆழத்துக்கு ஊன்றி, ஒரு கோலை முட்டுக் கொடுங்கள். மேல்கீழ் மாறிவிடக் கூடாது. தலைகீழாக நட்ட துண்டு ஒழுங்காக வராது. மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் செடியின் தண்டு உச்சியில் மெழுகு பூசியிருக்கிறது. சுரண்டி எடுத்தால் அங்கிருந்து வளருமா?

பதில்: சுரண்ட வேண்டாம். வெட்டவெளியில் வளர்ந்த பெரிய யூக்காவின் தண்டைத் துண்டுகளாக அறுத்து, வேர்விட வைத்துத்தான் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். அறுத்த வாய் காய்ந்து வெடிக்காமல் இருக்கத்தான் அந்த மெழுகு. அந்தத் தண்டு இனி உயராது. பக்கத்தில் கிளம்பிய இலைக்கொத்துகள்தான் வளரும். அப்புறம் இன்னொன்று: ஒரே தொட்டியில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று தண்டு இருந்தால் அவை பெரும்பாலும் மூன்று தனிச்செடிகள். ஒன்று செத்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம்.

கேள்வி: புது இலைகள் ஒல்லியாக நீண்டு தொங்குகின்றன. உரம் குறைவா?

பதில்: உரம் இல்லை, வெளிச்சம் குறைவு. யூக்காவை இருட்டு மூலைக்கு ஏற்ற செடி என்று விற்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அது அங்கே வாழாது, மெதுவாகச் சாகும். வீட்டிலேயே வெளிச்சம் அதிகமுள்ள ஜன்னலுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தொங்கிய இலை நிமிராது, இனி வருவது கெட்டியாக வரும். வெளிச்சம் போதவில்லை என்று ஒரேயடியாக உச்சி வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். இலையில் வெளுத்த திட்டுகள் விழும், அவை மாறாது. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உரம் என்றால், செடி வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு. அவ்வளவே.

கேள்வி: கூரையைத் தொடுகிறது. வெட்ட மனசு வரவில்லை.

பதில்: தாராளமாக வெட்டுங்கள். வளரும் பருவத்தின் தொடக்கத்தில், உங்களுக்கு வேண்டிய உயரத்தில் அறுங்கள். சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே புது மொட்டுகள் கிளம்பும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். வெட்டிய தலையை மேலே சொன்னபடி ஆறவிட்டு நட்டால் இன்னொரு செடி. வெளிச்சம் நல்ல இடத்தில் இருந்தால் மட்டும் வெட்டுங்கள். இருட்டில் நலிந்த செடிக்குத் துளிர்க்கத் தெம்பு இருக்காது.

கேள்வி: தொட்டி மாற்றும்போது அடியில் கூழாங்கல் போடலாமா?

பதில்: வேண்டாம். கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் நீர் தங்கும், வேருக்குக் கிடைக்கும் இடமும் குறையும். துளையுள்ள கனமான தொட்டி, பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல், அவ்வளவு போதும். இரண்டு பங்கு தொட்டிமண்ணுக்கு ஒரு பங்கு பெர்லைட்டோ பருமணலோ கலந்துகொள்ளுங்கள். தலை கனத்த செடி, லேசான பிளாஸ்டிக் தொட்டி என்றால் ஒருநாள் சாயும்.

கேள்வி: இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கிறது.

பதில்: மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். வாரம் ஒருமுறை என்று சில வாரம் தொடர வேண்டும், முட்டைகள் தப்பியிருக்கும். அதுவரை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் பூக்குமா?

பதில்: அபூர்வம். வீடுகளில் அதிகம் இருக்கும் யூக்கா ஜிகாண்டியா, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பெரிய மரமாகவே வளரும் இனம். எல் சால்வடாரின் தேசிய மலர் அதுதான், அங்கே பூவைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். தொட்டியில் அந்த முதிர்ச்சி வருவது கடினம். இலைக்காக வளருங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது, சின்னக் குழந்தையும் இருக்கிறது. வைக்கலாமா அக்கா?

பதில்: யூக்காவில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பூனையோ நாயோ மென்றால் வாந்தி, எச்சில் வடிதல் வரலாம். இலையைக் கடிக்கும் பூனை என்றால் இந்தச் செடி வேண்டாம் என்றுதான் சொல்வேன். குழந்தைக்கு இலை முனைதான் கவலை. ஜிகாண்டியாவின் முனை ஓரளவு மென்மையானது. யூக்கா அலோய்ஃபோலியாவுக்கோ ஊசி போன்ற முள் உண்டு, கண்ணில் குத்தும். வாங்கும்போதே முனையைத் தொட்டுப் பாருங்கள். பூனை ஏற்கெனவே மென்றுவிட்டதென்றால், கால்நடை மருத்துவரிடம் செடியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.