மீனைப் பார்த்தாலே இனம் தெரியுமே, பிறகு டிஎன்ஏ எதற்கு?

கேட்டவர் விலங்கியல் மாணவர் என்று நினைக்கிறேன். நானும் இனம் கண்டுபிடிக்கச் செதில் எண்ணிப் பழகியவன்தான், அந்த வேலையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

காவிரியின் திமில் மகசீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும் மீன், தூண்டில்காரர்களுக்கு நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரியும். ஆனால் 2018 வரை அதற்கு உறுதியான அறிவியல் பெயர் கிடையாது. 2007இல் கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்த சின்ன மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்று ஓர் இனத்தை விவரித்திருந்தார்கள். பவானி வழியாகக் காவிரியில் சேரும் மோயாற்றில் பிடித்த திமில் மகசீரின் உருவத்தோடு டிஎன்ஏவையும் அதனோடு ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரிக்கு வருகிற தண்ணீர்தானே. பெயர் உறுதியான அதே வருடம் அது மிக அருகிய இனமாக, அழிவு ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதியும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

டிஎன்ஏ மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். பலரும் படிக்கிற, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் மரபணு தாய்வழியில் மட்டும் வருவது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் உள்ளூர் மீனோடு கலந்திருந்தால் தகப்பன் யார் என்று அதில் தெரியாது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் செல் உட்கருவின் மரபணுவையும் பார்க்கவேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வு உதவியாளராக இருந்தபோது மலையின் இரண்டு பக்கத்து ஓடைகளிலும் கெண்டை பிடித்து, துடுப்பில் அரிசி அளவு வெட்டி, எத்தனாலில் போட்டு, குப்பி மேல் மார்க்கரால் ஓடையின் பெயரை எழுதினேன். ஜீப் குலுக்கலில் மூடிகள் கசிந்து, எத்தனால் பட்டு மை முழுக்கக் கரைந்துவிட்டது. 46 குப்பிகள். டிஎன்ஏ எல்லாவற்றிலும் நன்றாகவே கிடைத்தது, ஆனால் எது எந்த ஓடை என்று தெரியாமல் அதை வைத்து எது எதற்கு உறவு என்று காட்டும் கிளைமரத்தை எப்படி வரைவது? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். வலை வீசிய அண்ணன் முதல் நாளே, "அந்தப் பக்கத்து மீன் வேற தம்பி, வாலைப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம், அந்த அண்ணன் பெயர் எங்கள் அறிக்கையில் ஒரு வரியில்கூட இல்லை. கேட்டதற்கு "கூலி கொடுத்தாச்சே" என்றார்கள். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

நீங்கள் இப்படி மீன் மாதிரி எடுக்கப் போனால் ஓடையின் பெயரைப் பென்சிலால் தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பென்சில் எழுத்து எத்தனாலில் கரையாது. வலை வீசுகிறவர் சொல்வதையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள், அவர் பெயரோடு.