ஃபூட்டி ஆடும் மகன் அமெரிக்காவில் பன்டர் ஆக முடியுமா? ஒரு மெல்பர்ன் பெற்றோருக்கு

12ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உயர்மட்ட லீகான ஏஎஃப்எல்லில் கிளப் எதுவும் எடுக்காவிட்டால், அமெரிக்கக் கல்லூரியில் பன்டராக, அதாவது அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையிலிருந்து விட்டுத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் அனுப்புபவராக, சேரப் போவதாகச் சொல்கிறான். இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கிற காரியம்தான். மைக்கேல் டிக்சன், கிளப்கள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்எல் டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாதவர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சிறந்த கல்லூரி பன்டருக்கான ரே கை விருதை 2017இல் வாங்கி, 2018இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்குப் போனார். யூட்டாவின் டாம் ஹாக்கெட் அதே விருதை 2014, 2015 என இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். அயோவாவின் டோரி டெய்லருக்கு 2023இல் கிடைத்தது. எல்லோரும் ஆஸ்திரேலியர்கள். இதற்கென்றே பயிற்சி தரும் ப்ரோகிக் ஆஸ்திரேலியா 2007 முதல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

ஆனால் சீஹாக்ஸ் ஆடும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இருப்பது 32 அணிகள். அணிக்கு ஒரு பன்டர். ஆகவே கணக்கைப் பட்டப்படிப்பை வைத்துப் போடுங்கள். செலவில்லாமல் ஒரு நல்ல பட்டம் கையில் வருமா என்பதுதான் பெற்றோராக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பையனை அளந்து பார்ப்போம். "55 மீட்டர் உதைக்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். பன்டர் நிற்பது ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு 15 யார்டு பின்னால். தூரத்தை அளப்பதோ அந்தக் கோட்டிலிருந்து. 55 மீட்டர் என்பது ஏறத்தாழ 60 யார்டு. அதில் 15 போனால் 45 யார்டு பன்ட். நல்ல எண்தான், பந்து உயரப் போயிருந்தால். அதே 45 யார்டைத் தாழ்வாக, மூன்று வினாடியில் அடித்தால் எதிரணிக்காரர் ஆளில்லா மைதானத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். பயிற்சியாளர்கள் பார்ப்பது ஹாங் டைம், அதாவது பந்து காற்றில் இருக்கும் நேரம். 45 யார்டுக்கு 4.5 வினாடி என்றால் மிக நல்லது, 4.2க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஸ்டாப்வாட்ச்சோடு போய்ப் பத்து உதை எடுக்கச் சொல்லுங்கள். மிகச் சிறந்த உதையை மறந்துவிட்டு, மிக மோசமான மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பயிற்சியாளருக்குப் பயம் தருவது அந்த மூன்றுதான்.

அடுத்தது கை வேகம். லாங் ஸ்னாப்பர் கால்களுக்கிடையே பின்னால் எறியும் பந்து (ஸ்னாப்) சுமார் 0.8 வினாடியில் வந்து சேரும். கையில் பட்டதிலிருந்து காலில் படும்வரை 1.3 வினாடிக்குள் முடிய வேண்டும். ஃபூட்டியில் ஐந்தாறு அடி ஓடி உதைத்துப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: பந்து தடுப்பவர் கையில் மோதும். வலது கால்காரர் என்றால் வலது, இடது, உதை. அவ்வளவுதான் இடம்.

பந்தும் வேறு. முனைகள் கூர்மை, காற்றழுத்தமும் அதிகம்: ஏஎஃப்எல் பந்தில் 9 முதல் 11 பிஎஸ்ஐ, இதில் 12.5 முதல் 13.5. ஃபூட்டியின் வழக்கமான உதையான டிராப் பன்ட்டில் கால் படுவது முனையில் என்பதால் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். உயரத்துக்கு டார்ப்பிடோ போலச் சுழலும் உதை வேண்டும்: பந்தைக் கிட்டத்தட்டப் படுக்கையாக, முன்முனை சற்றே உள்பக்கம் திரும்பியிருக்க, உதைக்கும் காலின் இடுப்புக்கு நேரே விட வேண்டும். பத்துத் தவறில் எட்டு, பந்தை விடும் கையில்தான் பிறக்கிறது. உயரத்திலிருந்து விட்டால் விழும்போதே முனை திரும்பும். உடம்புக்குக் குறுக்கே விட்டால் கால் வளைந்து பந்து பக்கவாட்டில் போகும். காலை ஓய வைத்துவிட்டு, தரைக்கோடு ஒன்றின் மேல் பந்தை விட்டு, அது எப்படி விழுகிறது என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். டிராப் பன்ட்டை அவன் மறக்கவும் வேண்டாம். எதிரணியின் கோல் கோட்டருகே பந்தை நிறுத்த அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

இன்னொரு பழக்கத்தை இப்போதே முறியுங்கள். தாழ்வாக வரும் ஸ்னாப்பை ஃபூட்டிக்காரர் முழங்காலை ஊன்றி எடுப்பார். கல்லூரி விதியில் பந்தோடு முழங்கால் தரையில் பட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பந்து எதிரணிக்குப் போய்விடும்.

வலப்பக்கம் ஓடியபடி உதைக்கும் ரக்பி பாணி கல்லூரியில் நன்றாக எடுபடும், ஏனெனில் ஸ்னாப் ஆனதுமே சக வீரர்கள் எல்லோரும் முன்னே ஓடலாம். என்எஃப்எல்லில் உதைக்கு முன் ஓரத்து இருவர் மட்டுமே ஓடலாம். அதனால் அதை மட்டுமே நம்பியவருக்கு மேலே வழி குறுகும்.

படிப்பு விஷயத்தில் பெற்றோர் வழுக்குவது ஒன்று உண்டு. "இங்கேயே ஒரு யூனிவர்சிட்டியில் முழுநேரமாகச் சேர்ந்திருக்கட்டும், பிறகு போகட்டும்" என்பார்கள். முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்தே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆடுவதற்கான ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். தகுதி விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள்; எதிலும் சேரும் முன், தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏவின் எலிஜிபிலிட்டி சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்களுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் குறைந்தது 2.3 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும். ஆகவே இந்த வருட ஆங்கிலத்தையும் கணக்கையும் அவன் கைவிடக் கூடாது.

கல்லூரி வீரர்களின் வழக்கில் 2025இல் வந்த உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரி அணிகளுக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இதனால் சுருங்கியிருக்கின்றன. "வா, பிறகு பார்ப்போம்" என்று தொலைபேசியில் சொல்லும் பயிற்சியாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: முழு உதவித்தொகையா, எத்தனை வருடத்துக்கு, பயிற்சியாளர் மாறினால் அல்லது காயமானால் அது தொடருமா. பதில் தாளில் வராமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. விளம்பர ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞர் பார்க்கட்டும்.