பழைய வீடியோ கேம் பாணியிலான தடித்த கட்ட எழுத்தில் தமிழ் பேனர் அடிக்க முடியுமா? அப்படி எழுத்துரு இல்லையென்றால் நாமே வரைந்துகொள்ளலாமா?

நீங்கள் ஏதோ ஒரு கல்லூரியின் கணினித் துறை மாணவர் என்று நினைக்கிறேன். விழாவுக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. ஆங்கிலத்தில் பிரஸ் ஸ்டார்ட் 2பி எழுத்துருவைப் பார்த்து மயங்கி, அதேபோல் தமிழில் தேடிக் களைத்துப்போய் இங்கே கேட்டிருக்கிறீர்கள். வரையலாம். நான் வரைந்த மாதிரி மட்டும் வரையாதீர்கள்.

திருநெல்வேலியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். 2014-இல் ஒரு கல்லூரியிலிருந்து இதே ஆசையோடு வந்தார்கள். நானும் துணிந்து ஒரு கிராஃப் நோட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

பிரஸ் ஸ்டார்ட் 2பி, 1980களில் ஜப்பானிய நிறுவனமான நாம்கோவின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) விளையாட்டுகளில் வந்த எழுத்தை ஒட்டிச் செய்தது. எட்டுக்கு எட்டு கட்டம். அதிலும் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் இடைவெளிக்குப் போய்விடும். நெடுங்கோடு இரண்டு கட்டத் தடிமன், கிடைக்கோடு ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் என்றால் ஓர் எழுத்துக்கு 64 பிட், அதாவது 8 பைட். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண்கள் 10, ஆக மொத்தம் 288 பைட்டில் கதை முடிந்தது. நினைவகம் காசாக இருந்த காலத்தில் அது பெரிய சாமர்த்தியம்தான்.

அதே எட்டு வரிசையில் தமிழை உட்கார வையுங்கள் பார்ப்போம். மேலே புள்ளிக்கு ஒரு வரிசை, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒன்று, கீழே உகரத்தின் வாலுக்கு இரண்டு. மிச்சம் நான்கு வரிசை. அதில் ‘ழ’ வரைந்தால் நசுங்கிய தேள் போல் இருக்கிறது. மூன்று சுழி ணகரத்துக்கு நான்கு நெடுங்கோடாவது வேண்டும். இரட்டைத் தடிமனில் எட்டு கட்டம், இடைவெளி மூன்று, அகலம் மட்டும் பதினொன்று. உகர, ஊகார வரிசையின் 36 எழுத்துகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ‘மு’ ஒரு விதம், ‘னு’ ஒரு விதம், ‘ரு’ ஒரு விதம் என்று ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும்.

கடைசியில் பன்னிரண்டு வரிசைக்கு ஒப்புக்கொண்டேன். 16 எடுத்திருக்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்ற பேராசையில் புள்ளிக்குக் கீழே விட்ட அந்த இடைவெளி வரிசையில் கை வைத்தேன். புள்ளி எழுத்தின் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. ‘க்’, ‘ண்’ எழுத்துகளில் மேல்கோட்டின் நடுவே முண்டு போல் துருத்தியதால் புள்ளி என்று எப்படியோ தெரிந்தது. ‘ல்’ எழுத்தில் மட்டும் அது வலப்பக்கக் கோட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது. சதுரத்தின் மேல் சதுரம். கோடு ஒரு கட்டம் உயர்ந்தது, அவ்வளவுதான்.

பேனரின் வாசகம் ‘கல்விக் கண்காட்சி’. இருபதடி நீள ஃபிளெக்ஸில், கல்லூரி வாசலில், ‘ல்’ எழுத்தில் புள்ளி இல்லாமல் என்ன படிக்க முடியுமோ அதைத்தான் ஊர் படித்தது. முதல் போன் காலை எட்டரைக்கு வந்தது. பத்து மணிக்குள் பேனரை இறக்கிவிட்டார்கள்.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அடிப்பதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி மாதிரித் தாள், அதாவது புரூஃப், கொடுத்தேன். பொறுப்புப் பேராசிரியர் பார்த்து, ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மீதிப் பணம்தான் இன்னும் வரவில்லை. புரூஃப் என்றால் என்ன என்றே இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுத்தால், பெரியப்பா பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறதா என்று குடும்பமே கூடிப் பார்க்கிறது. முகூர்த்த நேரத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆயிரம் பிரதி அடித்த பிறகு வந்து, “நீங்களாவது பார்த்திருக்கலாமே அண்ணாச்சி” என்கிறார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

“ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்காமல்தானே எழுதினார்கள்” என்று ஒருவர் கீழே வந்து எழுதுவார். ஓலை படித்தவர் திண்ணையில் உட்கார்ந்து படித்தார் ஐயா. பேனரை பைக்கில் போகிறவர் படிக்கிறார். தமிழ் நவீனத்துக்கு ஒத்துவராது என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வரிசை ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வெட்டிய சட்டை, அதைப் போடாதே என்கிறேன்.

முழு எழுத்துருவும் செய்ய உட்காராதீர்கள், விழா முடிந்துவிடும். தலைப்பில் வரும் எழுத்துகளை மட்டும் 16 வரிசையில் வரையுங்கள். அகலம் எழுத்துக்கு எழுத்து மாறட்டும். புள்ளிக்குக் கீழே ஒரு வரிசை காலியாக இருந்தே ஆக வேண்டும். முடிந்தால் புள்ளியை இரண்டுக்கு இரண்டாகப் போடுங்கள். ஃபிளெக்ஸ் கடைக்குச் சின்னப் படமாகக் கொடுத்தால் அவர்கள் இழுத்துப் பெரிதாக்குவார்கள், கட்டத்தின் ஓரமெல்லாம் சோப்புக் கட்டி போல் கரைந்துவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கரையாத வெக்டர் கோப்பாகவே கொடுங்கள். ஆங்கில வரிக்கு பிரஸ் ஸ்டார்ட் 2பி இலவசம்தான். திரையில் போடும்போது அளவு எட்டின் மடங்காக இருக்கட்டும்.

என் கிராஃப் நோட்டு இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன். ஊகார வரிசை மட்டும் கேட்காதீர்கள்.