தொட்டி மீனுக்கு ஹீட்டர் வேண்டாம், காற்றுதான் வேண்டும்

கடலூரில் வெளியே வைத்திருக்கும் தொட்டியில் தங்கமீன்கள் விடியற்காலையில் திணறுகின்றன, குளிருக்கு ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். மார்கழி விடியற்காலையில் உங்கள் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது குளிரால் இல்லை, ஆக்சிஜன் பற்றாமல். இன்று இரவே ஏர் பம்ப் போடுங்கள், விடிய விடிய ஓடட்டும்.

கடலூரில் டிசம்பரிலும் இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தங்கமீன் 10 டிகிரியையும் தாங்கும்.

காரணம் மழை மூட்டமாகத்தான் இருக்கும். நாலைந்து நாள் வெயில் இல்லையென்றால் தொட்டியில் உள்ள பாசி பகலில் ஆக்சிஜனைச் சரியாகத் தராது. ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடியில் சருகும் மிச்சத் தீனியும் அழுகினால் இன்னும் மோசம். மூட்டம் விலகும்வரை தீனியைப் பாதியாக்குங்கள், இரவில் போடவே வேண்டாம், பாவம்.

காலை ஐந்தரைக்கும் மதியம் இரண்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். காலையில் மட்டும் திணறினால் ஆக்சிஜன்தான். மதியமும் திணறினால் செவுளில் ஒட்டுண்ணியோ, தண்ணீரில் அம்மோனியாவோ இருக்கலாம். அப்போது பம்ப் மட்டும் போதாது.

அப்புறம், பதற்றத்தில் தண்ணீரை முழுசாக மாற்றிவிடாதீர்கள். கால் பங்கு போதும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.