டிஸ்டெம்பரில் பிழைத்த பூனை வாழ்நாள் முழுக்க நோஞ்சானாகவே இருக்குமா?

குட்டி இப்போதுதான் தேறியிருக்கும். ட்ரிப்ஸ் ஏற்ற மழித்த இடத்தில் ரோமம்கூடச் சரியாக முளைத்திருக்காது. அதற்குள் யாரோ வந்து "இந்த நோய் வந்த பூனை பிழைத்தாலும் உருப்படாது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால்தானே இந்தக் கேள்வி? என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர் மடியிலேயே அந்தப் பூனை ஏறிப் படுத்துத் தூங்கியிருக்கிறது, அது இருக்கட்டும்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓரளவு வளர்ந்த குட்டிக்கோ பெரிய பூனைக்கோ நோய் வந்து பிழைத்துவிட்டால், பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடும். காலத்துக்கும் நிற்கிற பாதிப்பு என்று அடித்துச் சொல்லக்கூடியது, தாய் வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த முதல் சில வாரங்களிலோ வைரஸ் தாக்கிய குட்டிகளுக்குத்தான். என்னிடம் இரண்டு ரகமும் இருக்கின்றன. நான் கால்நடை மருத்துவர் கிடையாது. "நீ என்ன டாக்டரா?" என்று கேட்க வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு வரவும்.

வயதை வைத்து ஏன் இப்படி மாறுகிறது என்றால், பூனை டிஸ்டெம்பரை உண்டாக்குவது பார்வோ வகை வைரஸ், நாய்களுக்கு வாந்தி பேதியாக வருகிற பார்வோவின் நெருங்கிய சொந்தம். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களில்தான் இதனால் பெருக முடியும். வளர்ந்த குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் நிணநீர்த் திசுக்களும். அதனால்தான் வாந்தி, பேதி, வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்கு விழுவது எல்லாம். பூனை டிஸ்டெம்பரைப் பான்லூகோபீனியா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்களே, அந்தப் பெயர் இந்த வெள்ளணு வீழ்ச்சியால்தான். ஆனால் இவை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொள்ளும் திசுக்கள். வைரஸ் விலகியதும் மஜ்ஜை திரும்ப வேலையைத் தொடங்கிவிடும், குடல் சுவரும் வளர்ந்துவிடும். மூளை அப்படி இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கறுப்பி என்னிடம் வந்தபோது மூன்று மாதக் குட்டி, தடுப்பூசி எதுவும் போடவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. அந்த உட்காரலைப் பார்த்ததுமே டாக்டர் சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஆயிரத்துக்கும் கீழே. இந்த வைரஸைக் கொல்வதற்கென்று கைக்கு எட்டுகிற மருந்து இல்லை என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். உடம்பில் நீர் வற்றாமல் பார்ப்பது, வாந்தியை நிறுத்துவது, வெள்ளணு இல்லாத நேரத்தில் பாக்டீரியா புகுந்துவிடாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது, அவ்வளவுதான் சிகிச்சை. முதல் ஐந்து நாளைத் தாண்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்றார். காய்ச்சல் ஏறியபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. உடம்பு சில்லிட்டுப்போனபோதுதான் பயந்தேன், ஏனென்றால் அது நல்ல அறிகுறி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

தாண்டிவிட்டது. ஆனால் மறுநாளே துள்ளி விளையாடியது என்று நினைக்காதீர்கள். பல வாரங்கள் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சாப்பிடும், இளக்கமாகப் போகும், தூங்கும். அப்புறம் மெல்ல மெல்ல எடை ஏறி, இப்போது தூக்கினால் கை வலிக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கறுப்பியைக் கொடுத்தவர், அதோடு பிறந்த குட்டிகள் வரிசையாகச் செத்துப்போனதை என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. நோய் வந்து போன் செய்தபோது "அப்படியா, பார்த்துக்கங்க" என்று வைத்துவிட்டார். அதே மனுஷர், அது தேறி ரோமம் பளபளக்க நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க குட்டிதானே, திருப்பித் தர்றீங்களா, பிள்ளைங்க கேக்குறாங்க" என்றார். என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பி நன்றாக வளர்ந்து வெகுநாள் கழித்து, விட்டு விட்டு பேதி வர ஆரம்பித்தது. வீட்டில், நண்பர்களிடத்தில், ஏன், வேறொரு கிளினிக்கில்கூட எல்லோருக்கும் ஒரே பதில்: "அந்தப் பழைய நோயோட மிச்சம், குடல் போயிடுச்சு, இனிமே இப்படித்தான்." எனக்கு அது ஒப்பவில்லை. நடுவில் அத்தனை காலம் ஒழுங்காக இருந்த குடல் திடீரென்று எப்படிப் போகும்? மலப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஜியார்டியா, குடலில் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. மருந்து கொடுத்தார்கள், நின்றுவிட்டது.

பிழைத்த பூனைக்கு நோயைவிட இந்தப் பேச்சுதான் பெரிய கேடு என்று நான் சொல்வது இதனால்தான். பின்னால் என்ன வந்தாலும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள், நிஜக் காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். அதற்காகக் குடலில் எந்தக் குறையுமே மிஞ்சாது என்று நான் சாதிக்கவில்லை. பார்வோவில் பிழைத்த நாய்களுக்குப் பின்னாளில் நாள்பட்ட குடல் தொந்தரவு கூடுதலாக வருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. பூனைகளிலும் சிலவற்றுக்கு வயிறு மென்மையாகவே இருந்துவிடலாம். ஆனால் புழு, ஜியார்டியா, உணவு ஒவ்வாமை எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிய பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம் அது. வெள்ளணு மறுபடி குறைந்தாலும் அப்படித்தான். பூனை லுகேமியா வைரஸ் இருந்தாலும் வெள்ளணு விழும், அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எதிர்ப்புச் சக்தி நிரந்தரமாகப் போய்விடும் என்பதும் தவறு. இந்த நோயைப் பொறுத்தவரை பிழைத்த பூனைக்குக் கிடைப்பது மிக நீண்டகாலப் பாதுகாப்பு, பெரும்பாலும் ஆயுசுக்கும். அதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள், அந்த ஊசியில் சேர்ந்துவரும் ஹெர்பீஸ், கலிசி வைரஸ்களுக்கு இது பாதுகாப்புத் தராது. இன்னொன்று: வலிப்பு, தசைத் துடிப்பு, பாதம் தடித்துப்போவது என்றெல்லாம் எங்காவது படித்துப் பயந்திருந்தால், அது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர். அதன் வைரஸ் தட்டம்மை வைரஸுக்கு உறவுக்காரன். உங்கள் பூனைக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது மூளை. பிறக்கும் சமயத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி சிறுமூளை, நடையையும் சமநிலையையும் சீராக வைப்பது அதுதான். அப்போது வைரஸ் புகுந்தால் அது பாதியிலேயே நின்றுவிடும், அப்புறம் வளராது. என் இன்னொரு பூனை பம்பரம் அப்படிப்பட்டது. கூடப் பிறந்தவை நேராக நடக்க, இது மட்டும் காலை அகட்டி வைத்து, தேவைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டு நடந்தது. ஒரே ஈற்றில் இப்படி ஆளுக்கு ஒரு விதமாக இருப்பது சகஜம். கிண்ணத்தை நெருங்க நெருங்கத் தலை ஆடும், தூங்கும்போது ஒரு நடுக்கமும் இருக்காது. டாக்டர் கண்ணையும் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரையில் தழும்பு மாதிரி இருக்கக்கூடுமாம், ஆனால் பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது. இதற்கு நன்றாகவே தெரிகிறது, பூச்சியை விடுவதில்லை.

இந்தக் குறை குணமாகாது, நாளாக நாளாக மோசமாகவும் ஆகாது. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. வலியும் கிடையாது. ஆட்டம் நாளுக்கு நாள் அதிகமானால் அது வேறு ஏதோ, உடனே காட்ட வேண்டும். லேசான, நடுத்தரமான பாதிப்புள்ளவை மற்ற பூனைகள் அளவுக்கே ஆயுசோடு இருக்கும். வழுக்கும் தரையில் பாய், எளிதில் கவிழாத கிண்ணம், சாய்ந்து நிற்க வசதியாகப் பக்கச்சுவர் உயர்ந்த மணல் பெட்டி, உயரமான இடங்களை அடைத்து வைப்பது, வெளியே விடாமல் இருப்பது. இவ்வளவுதான் நான் செய்தது. "கஷ்டப்படுது, ஊசி போட்டுத் தூங்க வச்சிடுங்க" என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. சொல்லும்போது பம்பரம் அவர்கள் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நிற்கவோ தானாகச் சாப்பிடவோ முடியாத அளவுக்குக் கடுமையாகப் பாதித்த குட்டிகளும் இருக்கின்றன, அந்த முடிவை எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள்.

உங்கள் வீட்டில் வேறு பூனை இருக்கிறதா, புதிதாகக் கொண்டுவரும் எண்ணம் உண்டா என்று கேள்வியில் இல்லை. தேறிய பூனையின் மலத்தில் ஆறு வாரம் வரைகூட வைரஸ் வரலாம். தரையிலும் துணியிலும் அது ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும். கை துடைக்கும் சானிடைசருக்கு அது மசியாது. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். பம்பரத்தை ஊசிகள் முடிந்த பிறகுதான் கறுப்பி இருந்த அறைக்குள் விட்டேன். மற்ற பூனைகளில் ஏதாவது சினையாக இருந்தால், அல்லது நான்கு வாரம் ஆகாத குட்டி இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசியை அவற்றுக்குப் போடக்கூடாது, அந்த ஊசியாலேயே குட்டியின் சிறுமூளை பாதிக்கப்படலாம்.